ஜூலை பத்தொன்பது காலியாக இல்லை

இந்நாள் வரலாற்று வாரியத்தில் காலை எட்டே முக்காலுக்கு எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்பது மரியசெல்விக்குத் தெரியாது. நான்காம் எண் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பைக்குள் இருந்த கடிதம் கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. கவுண்டரில் இருந்தவர்கள், உள்ளே இருந்த அதிகாரிகள், தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் உட்பட எல்லோரும் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். செல்வியும் பதறி எழுந்தாள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் வாசித்தது.

"இந்நாள், செப்டம்பர் மூன்று. முதலாவது, வாரியத் தலைவர் டத்தோ தங்கையா அவர்கள் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்த நாள். இரண்டாவது, வாரியக் கட்டடத்தின் மின்தூக்கி முதன்முதலாக மூன்றாம் மாடி வரை ஏறிய நாள். மூன்றாவது, மேற்படி மின்தூக்கி பழுதுபட்டதை வாரியம் உறுதி செய்த நாள். வரலாறு வாழ்க."

எல்லோரும் "வரலாறு வாழ்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். செல்வி மூன்று மாடியும் படியேறித்தான் வந்திருந்தாள். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆண்டின் ஒவ்வொரு நாளிலும் நடந்த குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகளைக் கண்டெடுத்துப் பட்டியலில் ஏற்றிப் பாதுகாப்பது வாரியத்தின் பணி. ஒரு நாளுக்கு மூன்று நிகழ்ச்சிகள். நான்காவது கிடையாது. வாரியம் வெளியிடும் சுவர் நாட்காட்டியில் ஒரு கட்டத்துக்குள் மூன்று வரிதான் அடங்கும் என்பதால் வரலாறும் அந்த அளவில் நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால், பட்டியலில் ஏறிவிட்ட நிகழ்ச்சி நடந்த இடத்தையோ அதன் நினைவிடத்தையோ யாரும் இடிக்க முடியாது, தோண்ட முடியாது. அந்த ஒரு விதிக்காகத்தான் செல்வி புக்கிட் ரம்பாயில் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

செலண்டார் பக்கம் பிரைத்வெல் ரப்பர் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு ஜூலை பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு போன தோட்டத்து லோரி, பலகைப் பாலம் முறிந்து ஆற்றில் விழுந்தது. இருபத்திரண்டு பெண்கள் செத்தார்கள். லோரி ஓட்டிய அஹமதுவும் செத்தார். பெண்களில் ஒருத்தி சவரியம்மாள், செல்வியின் அம்மா. செல்விக்கு அப்போது ஐந்து வயது.

அஹமதுவை அவர்கள் ஜமாஅத்து மையவாடியில் அடக்கம் செய்தார்கள். மற்ற இருபத்திரண்டு பேரும் தோட்டத்து இடுகாட்டில் இரண்டு வரிசையாக, சிலுவை வைத்தவர்களும் வைக்காதவர்களும் கலந்து படுத்திருந்தார்கள். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போன பிறகும் ஜூலை பத்தொன்பதன்று மட்டும் எல்லோரும் அங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். இந்த ஆண்டு ஐம்பதாவது. அது முடிந்து மூன்றாம் வாரம், நிலத்தின் புதிய உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே கிடங்கு கட்டப் போகிறார்கள். தொண்ணூறு நாளுக்குள் வாரியத்தின் பட்டியல் சான்றிதழைக் காட்டினால் இடுகாட்டை விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் எலும்புகளைத் தோண்டியெடுத்து வேறோர் இடத்தில் ஒரே குழியில் போட்டுவிடுவார்கள்.

நான்காம் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் தேவிஸ்ரீ என்று பெயர் குத்தியிருந்த பெண், மரியாதையான பெண்தான், படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, நிகழ்ச்சி எந்த வகை? பிறப்பா, திறப்பா, வருகையா?"

"சாவும்மா."

"சாவுன்னு தனியா இல்ல ஆண்ட்டி. 'இதர'ன்னு போடுறேன். இதுல பட்டம் வாங்குனவங்க யாராச்சும் இருந்தாங்களா? டத்தோ, டான்ஸ்ரீ, குறைஞ்சது ஜேபி?"

"பால்மரம் வெட்டுனவங்கம்மா."

"ஓகே. அப்ப பெரியவங்க யாராச்சும் பார்க்க வந்தாங்களா?"

"தொரை வந்தாரு. பாலத்தப் பார்த்துட்டுப் போயிட்டாரு."

தேவிஸ்ரீயின் முகம் தெளிந்தது. "அப்ப 'வருகை'ல போடலாம் லா ஆண்ட்டி. அதுக்கு மார்க் ஜாஸ்தி."

இப்படியாக, இருபத்திரண்டு பெண்கள் செத்தது, தோட்டத் துரை ஒரு பாலத்தைப் பார்வையிட்டதாகப் படிவத்தில் ஏறியது. செல்வி ஆதாரமாக ஒரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்தாள். நான்கு வரிச் செய்தி, ஒரு பெயரும் இல்லை. தேவிஸ்ரீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஜூலை இருபதுன்னு இருக்கே ஆண்ட்டி."

"பத்தொன்பதாம் தேதி நடந்தது இருபதாம் தேதிப் பேப்பர்லதானம்மா வரும்."

"அது எனக்குத் தெரியுது ஆண்ட்டி. வாரியத்துக்குத் தெரியணுமே."

வாரியத்துக்குத் தெரிவிக்க மேலும் இரண்டு வாரம் ஆனது. செய்தித்தாள்கள் பொதுவாக மறுநாள்தான் வரும் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் செல்வி கடிதம் வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளை நாள் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இம்முறை ஷம்சுதீனும் கூட வந்தார். அவர் அஹமதுவின் மகன். தங்கா பத்துவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அறுபது வயது. தன் அத்தா படுத்திருக்கும் இடத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்றாலும், அத்தா ஏற்றிக்கொண்டு போனவர்கள் என்பதால் அந்த இருபத்திரண்டு பேருக்கும் தான் பொறுப்பு என்று நினைப்பவர். அதைச் சொல்லமாட்டார். வேனை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். செல்விக்கு அவர் 'நானா', அண்ணன் முறை.

பிரிவின் அதிகாரி பாலகிருஷ்ணன் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து விரலால் தேடினார்.

"ஜூலை பத்தொன்பது. காலியா இல்லியே சிஸ்டர். ஃபுல்."

"என்ன சார் ஃபுல்?"

அவர் வாசித்தார். "ஒன்னு, வாரியம் அமைக்கிறதப் பத்தி ஆலோசிக்கிற குழு முதல் கூட்டத்துக்குக் கூடுன நாள். ரெண்டு, அந்தக் கூட்டம் ஆள் பத்தாம ஒத்திவைக்கப்பட்ட நாள். மூனு, டத்தோவுக்கு 'வரலாற்றின் தோழன்' விருது குடுக்கப்பட்ட நாள்."

"யார் குடுத்தது?" என்றார் ஷம்சுதீன்.

"நாங்கதான்."

செல்வி தயங்கிக் கேட்டாள். "அதுல ஒன்ன மட்டும் எடுக்க முடியாதா சார்? அந்த ஒத்திவச்ச கூட்டத்த?"

பாலகிருஷ்ணன் புத்தகத்தை மூடிவிட்டார். கோபம் இல்லை, வருத்தம்தான். "வரலாற்ற எப்படி சிஸ்டர் மாத்துறது? நடந்தது நடந்ததுதான்."

"எங்களுதும் நடந்துச்சு சார்."

"நடந்திருக்கலாம். பட்டியல்ல இன்னும் நடக்கலியே."

அவர் மனம் இளகியவர். உடனே இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அதில் காலி நாட்கள் இருந்தன. பிப்ரவரி இருபத்தொன்பது இருந்தது, ஆனால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பயன்படும். நவம்பர் பன்னிரண்டு இருந்தது. மழைக்காலத்தில் யாரும் எதையும் திறந்து வைப்பதில்லை, யாரும் எங்கும் வருகை தருவதில்லை என்பதால் நவம்பரில் வரலாறு மெலிவாக இருக்கிறது என்றார்.

"நவம்பர் பன்னெண்டு நல்ல நாள் சிஸ்டர். பக்கத்துல தொந்தரவு இல்ல. உங்க நிகழ்ச்சி மட்டும் தனியா, பெருசா இருக்கும்."

"எங்கம்மா ஜூலையில செத்தாங்க சார்."

"உங்க வீட்டுல நீங்க ஜூலையிலயே வச்சுக்கலாம். அதுல வாரியம் தலையிடாது."

அன்று திரும்பும் வழியில் ஷம்சுதீன் வேனைச் செலண்டாருக்கு விட்டார். இடுகாட்டைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லறையிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தது. சவரியம்மாள் பதினான்கு. கொஞ்சம் தள்ளிச் செம்பனைக்கு அடியில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று கையை மடித்து நின்றது. செல்வி முந்தானையை எச்சிலில் நனைத்துப் பதினான்கைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. சிமிந்தியோடு சேர்ந்து காய்ந்துவிட்டது. மண்டியிட்டபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"நானா, நவம்பரே போட்டுக்கட்டும்," என்றாள். "எலும்ப அள்ளி ஒரே குழியில போட்டானுங்கன்னா எங்கம்மா எதுன்னு நான் எப்படிப் பார்ப்பேன்?"

ஷம்சுதீன் விரல்விட்டுக் கெடுவுக்கு நாள் எண்ணினார். இன்னும் முப்பத்தொரு நாள்தான் இருந்தது.

நவம்பர் பன்னிரண்டை ஒதுக்குவதற்கு வாரியம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. நிகழ்ச்சி அந்த நாளில்தான் நடந்தது என்று நேரில் கண்ட சாட்சி ஒருவர் வந்து உறுதிமொழி கொடுக்கவேண்டும். சாட்சி இல்லாத வரலாற்றை வாரியம் ஏற்காது. அந்த விபத்தில் பிழைத்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் திலகவதி ஒருவர்தான். அப்போது அவருக்கு இருபத்தோரு வயது. இப்போது முழங்கால் வலியோடு மகள் வீட்டில் இருந்தார். அவரை ஷம்சுதீனும் செல்வியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றினார்கள். மின்தூக்கி பழுதுபட்டது வரலாறாகிவிட்டதால் அதைச் சரிசெய்ய வழியில்லை என்று தேவிஸ்ரீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

விசாரணைக்கு டத்தோ தங்கையா தலைமை தாங்கினார். முதலில் அரை மணி நேரம் பேசினார்.

"மக்கள் எந்த நாள்லயும் சாகலாம். அதுக்கு அவங்களுக்கு முழுச் சுதந்திரம் இருக்கு. ஆனா வரலாறு அப்படி இஷ்டத்துக்கு நடக்கமுடியாது. அதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். நான் தலைவரா வந்தப்ப இந்த மாநிலத்துல நூத்தி எழுபது நாள் காலியா கிடந்துச்சு. ஒன்னுமே நடக்காத நாளுங்க. இன்னிக்குப் பன்னெண்டுதான் பாக்கி. எப்படி? நானே போய் நடத்துனேன். சில நாள் ரெண்டு இடத்துல திறப்பு விழா வச்சிருக்கேன். என் உடம்பப் பார்க்கல. தோட்டத்துச் சனங்க வரலாறு இல்லாதவங்கன்னு யாரும் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் இந்த வாரியம். உங்களுக்கும் ஒரு நாள் குடுக்கணும்னு எனக்கு ஆசை இருக்கு. நீங்கதான் ஜூலை, ஜூலைன்னு நிக்கிறீங்க."

பிறகு பாலகிருஷ்ணன் உறுதிமொழியை வாசித்தார். நவம்பர் பன்னிரண்டாம் நாள் காலையில் நான் ஆற்றில் விழுந்தேன் என்று அது தொடங்கியது.

திலகவதி குறுக்கே பேசினார். "அன்னிக்கு மழை இல்ல தம்பி. ஆத்துல தண்ணி கம்மி. நவம்பர்னா தண்ணி லயத்து வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கும்."

"அதெல்லாம் போராங்ல கேக்கல பாட்டி," என்று பாலகிருஷ்ணன் படிவத்தைத் தட்டிக் காட்டினார்.

திலகவதி செல்வியைப் பார்த்தார். செல்வி தலை குனிந்துகொண்டாள். "சரி," என்றார் திலகவதி. "மேல வாசி."

பாலகிருஷ்ணன் அடுத்த வரியை வாசித்தார். ஓட்டுநரின் கவனக்குறைவால் லோரி ஆற்றில் விழுந்தது என்று அதில் இருந்தது.

ஷம்சுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத யாரு எழுதுனது?" என்றாள் செல்வி. "பாலம்ல முறிஞ்சுது?"

டத்தோ பொறுமையாக விளக்கினார். பாலம் தோட்டக் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி வேறு பெயரில் இன்னும் இருக்கிறது. வாரியத்தின் நாட்காட்டியை ஆண்டுதோறும் அச்சடித்துக் கொடுப்பது அவர்கள்தான். "அவங்க பாலத்த அவங்க நாட்காட்டியிலேயே உடைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. டிரைவர் ஒரு தனி ஆளு. செத்தும் போயிட்டாரு. அவருக்கு ஆட்சேபணை இருக்காது."

"அவரு மகன் இங்க உட்கார்ந்திருக்காரு," என்றாள் செல்வி.

டத்தோ ஷம்சுதீனைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொன்னார்.

ஷம்சுதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போட்டுருங்க. செல்வி, நீ பேசாத. அத்தா ஒருத்தரு. அங்க இருபத்திரண்டு பேரு. நாள் இல்ல நம்மகிட்ட."

திலகவதி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் சொல்றத எழுது தம்பி. பலக இத்துப்போச்சுன்னு அந்த மனுசன் தொரைகிட்ட ரெண்டு தடவ போய்ச் சொல்லி ஏச்சு வாங்கிட்டு வந்தாரு. விழுந்தப்புறம் நீந்தி வந்து மூனு பேரக் கரையில போட்டாரு. மூனாவது ஆளு நான். என் முடியப் பிடிச்சுத்தான் இழுத்தாரு. திரும்பவும் உள்ள போனாரு. வரல." மூச்சு வாங்க நிறுத்தினார். "தேதிய என்ன வேணா போட்டுக்க. நான் பொய் சொல்றேன், சாமி மன்னிச்சுக்கும். ஆனா அந்த ஆளு மேல பழி போட்டு நான் கைநாட்டு வைக்கமாட்டேன். எலும்பத் தோண்டுனா தோண்டட்டும்."

"காரணம் இல்லாம எப்படிம்மா ஒரு நிகழ்ச்சி நடக்கும்?" என்றார் டத்தோ.

கடைசியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தேவிஸ்ரீதான் ஒரு வழி சொன்னாள். முறிந்தது, விழுந்தது என்று எதுவும் வேண்டாம். லோரி ஆற்றில் இறங்கியது என்று எழுதிவிடலாம். டத்தோ அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "இறங்கியது. நல்ல சொல்லு. மரியாதையா இருக்கு." திலகவதி கட்டைவிரலை மையில் அழுத்தினார். அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு லோரி, யாருடைய குற்றமும் இல்லாமல், இருபத்திரண்டு பெண்களோடு ஆற்றில் இறங்கியது.

திரும்பும் வழியில் வேன் விளக்குச் சந்திப்பில் நின்றபோது ஷம்சுதீன் சொன்னார். "அத்தா குத்தம்னு போடல. அது போதும்."

"போதுமா நானா?"

விளக்கு பச்சையாகிவிட்டது. அவர் வேனை எடுத்தார்.

நவம்பர் பன்னிரண்டன்று இடுகாட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். காலையிலிருந்தே மழை. நுழைவாயிலில் 'இனிய வரலாற்று நாள் வாழ்த்துகள்' என்ற பதாகை நனைந்து தொங்கியது. முன்வரிசை நாற்காலிகளுக்கு உறை போட்டிருந்தது. செத்தவர்களின் குடும்பங்களுக்குக் கூடாரத்துக்கு வெளியே குடை கொடுக்கப்பட்டது. சுற்றிலும் புதுக் கம்பிவேலி, புது இரும்புக் கதவு. டத்தோ ரிப்பன் வெட்டிக் கல்வெட்டைத் திறந்து வைத்தார். அதில் அவர் பெயரும் வாரிய உறுப்பினர் பதினோரு பேரின் பெயர்களும் இருந்தன. கீழே ஒரு வரி, இருபத்திரண்டு தொழிலாளர்கள். இடமில்லாததால் அவர்களின் பெயர்களைச் செதுக்கவில்லை என்று பாலகிருஷ்ணன் செல்வியிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். டத்தோ பேசினார். இந்த மகிழ்ச்சியான நாளை நமக்குத் தந்த லோரிக்கு நன்றி என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, நன்றி என்று மட்டும் சொல்லி முடித்தார். கோழி பிரியாணி இருந்தது. செல்வி சாப்பிடவில்லை. மழையில் நின்று அம்மாவின் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தாள். எண் அப்படியே இருந்தது. ஆனால் மண் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்காக அவள் ஜெபம் சொன்னாள்.

அடுத்த ஆண்டு ஜூலை பத்தொன்பது சனிக்கிழமையாக வந்தது. செல்வி காலை ஏழரைக்கெல்லாம் மெழுகுவர்த்திப் பெட்டியோடு ஷம்சுதீனின் வேனில் போய் இறங்கினாள். அவளுக்கு முன்பே முப்பது பேருக்குமேல் கதவுக்கு வெளியே நின்றார்கள். திலகவதி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவில் பெரிய பூட்டு. உள்ளே காவலர் கூண்டிலிருந்து கந்தசாமி என்ற வயதான காவலர் எழுந்து வந்தார்.

"வரலாற்று எடம்மா இது. நவம்பர் பன்னெண்டு மட்டும்தான் தொறக்கணும்னு உத்தரவு."

"எங்கம்மா உள்ள இருக்காங்கண்ணே."

"தெரியுதும்மா. எனக்கு வேலை போயிரும்."

பின்னால் ஒருவர் கதவைக் காலால் உதைத்தார். கம்பி அதிர்ந்தது, பூட்டு அசையவில்லை. வேலியின் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டால் முதல் வரிசையின் மூன்று கல்லறைகள்தான் எட்டும். அந்த மூன்று வீட்டுக்காரர்களும் மெழுகுவர்த்தியை எட்டி வைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்க்கமாட்டாமல் தள்ளி நின்றார்கள். செல்வி வேலியோரம் நடந்து நடந்து பார்த்தாள். பதினான்கு நடுவில் இருந்தது. எந்தப் பக்கமிருந்தும் எட்டவில்லை. போராடிக் காப்பாற்றிய மண்ணுக்கு வெளியே நின்றுகொண்டு, அன்றே தோண்டியிருந்தால்கூட எலும்பு கையில் கிடைத்திருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கந்தசாமி கூண்டுக்குள் போய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து கம்பி வழியாகக் காட்டினார். மற்ற நாட்களில் உள்ளே விட மூன்று காரணங்கள் அச்சிடப்பட்டிருந்தன. அதிகாரிகள் ஆய்வு, வேலி பழுதுபார்த்தல், புல் வெட்டுதல்.

"புல்லு நெறயாக் கெடக்கும்மா," என்றார். "மூனு மாசமா கொந்தரெக்ட்காரன் வரல."

செல்விதான் முதலில் கையெழுத்துப் போட்டாள். அடுத்து ஷம்சுதீன். திலகவதி கைநாட்டு வைத்தார். முப்பத்து நான்கு பேர் வரிசையாகப் புல் வெட்ட வந்தவர்களானார்கள். கதவு திறந்தது. யார் கையிலும் கத்தி இல்லை. பொய்யாகிவிடக்கூடாது என்று கல்லறைகளைச் சுற்றிக் கையாலேயே பிடுங்கினார்கள். புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பள்ளி ஆசிரியை மண்டியிட்டுக் கோரைப்புல்லை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஷம்சுதீன் இரண்டு வரிசையிலும் ஒரு கல்லறை விடாமல் போய்க் குனிந்து பிடுங்கினார். பிடுங்கிய இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

பத்து மணிக்கு எல்லோரும் வெளியே வந்தபோது, கந்தசாமி பதிவேட்டைச் செல்வியிடம் நீட்டினார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'பணி முடிந்ததா?' என்று ஒரு கட்டம் இருந்தது. தன் வரியில் செல்வி மண் அப்பிய விரல்களால் பேனாவைப் பிடித்து நிதானமாக எழுதினாள்.

"முடியவில்லை. அடுத்த ஜூலை பத்தொன்பதாம் தேதி வரவேண்டும்."

கந்தசாமி அதை வாசித்துப் பார்த்தார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, வாரியத்தின் முத்திரையைக் குத்தினார்.